வீடு போல் கட்டாதீர்கள்! குன்றத்தூர் வட்டாரத்துக்கு ஏற்ற மாட்டுக்கொட்டகை

செம்பரம்பாக்கம் ஏரிக்கும் அடையாற்றுக்கும் இடைப்பட்ட குன்றத்தூர் வட்டாரத்தில் வயல்கள் மனைகளாகிக்கொண்டே வருகின்றன. ஆனாலும் சோமங்கலம், மணிமங்கலம், திருநீர்மலை என எந்தப் பக்கம் போனாலும் வீட்டுக்குப் பின்னால் இரண்டு கறவை மாடாவது கட்டியிருக்கும் குடும்பங்களைப் பார்க்கலாம். நிலம் கைவிட்டுப் போன பிறகும் பலருக்கு அன்றாடக் கைச்செலவுக்கு உதவுவது அந்த மாடுகள்தான். பக்கத்திலேயே தாம்பரமும் பல்லாவரமும் இருப்பதால் பாலுக்கு விலை கிடைக்காமல் போவதில்லை. குறை வேறு இடத்தில் இருக்கிறது.

தீவனத்துக்குச் செலவு செய்கிறார்கள். நல்ல கலப்பின மாடாகப் பார்த்து வாங்குகிறார்கள். ஆனால் அதே மாடு ஏப்ரல் பிறந்ததும் பாலைக் குறைக்கிறது. சினை ஊசி போட்டாலும் நிற்பதில்லை. மழைக்காலத்தில் மடிநோயும் குளம்பு நோயும் வருகின்றன. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக மருந்து வாங்கப்படுகிறது. இவற்றில் பெரும்பகுதிக்குக் காரணம் மாடு நிற்கும் இடம்தான். கையில் பணம் சேர்ந்ததும் பலரும் பழைய ஓலைக் கொட்டகையைப் பிரித்துவிட்டு, நாலு பக்கமும் சுவர் எழுப்பி, தாழ்வாகத் தகரம் போட்டு, தரையை வழவழவென்று பூசிவிடுகிறார்கள். மனிதர் பார்வைக்கு அது நல்ல கட்டடம். மாட்டுக்கு அது அடுப்பு.

இந்த வட்டாரத்தில் கொட்டகை மூன்று தொல்லைகளைச் சமாளிக்க வேண்டும். கடலோரப் புழுக்கம், ஐப்பசி கார்த்திகை வெள்ளம், இட நெருக்கடி. இந்த மூன்றுக்கும் பொருந்தும் கொட்டகைக்குச் சுவர் போட்ட கட்டடத்தை விடச் செலவு குறைவுதான்.

வெயிலை விடப் புழுக்கமே எதிரி

மாட்டின் வயிறு ஓயாமல் எரியும் அடுப்பு. வைக்கோலும் புல்லும் அதில் நொதிக்கும்போது சூடு உண்டாகும். அதிகம் கறக்கும் மாடு அதிகம் தின்னும், அதிகச் சூட்டையும் உண்டாக்கும். அந்தச் சூட்டை வேர்வையாலும் மூச்சாலும் மாடு வெளியேற்றியாக வேண்டும். காற்றில் ஈரம் நிறைந்திருந்தால் வேர்வை ஆவியாகாது. சூடு உடம்பிலேயே தங்கிவிடும்.

அதனால்தான் கால்நடை அறிவியலில் வெப்பநிலையை மட்டும் பார்ப்பதில்லை. வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் சேர்த்துக் கணக்கிடும் ‘வெப்ப ஈரப்பதக் குறியீடு’ ஒன்றை வைத்திருக்கிறார்கள். அது 72-ஐத் தாண்டினாலே அதிகப் பால் கறக்கும் மாட்டுக்கு அயர்ச்சி தொடங்கிவிடும். உள்மாவட்டம் ஒன்றில் வெயில் 35 டிகிரி, ஈரப்பதம் 30 சதவீதம் என்றால் குறியீடு ஏறத்தாழ 81. கடலோரத்தில் வெயில் 30 டிகிரிதான், ஆனால் ஈரப்பதம் 80 சதவீதம் என்றால் குறியீடு 83. ‘இன்றைக்கு அவ்வளவு வெயில் இல்லையே’ என்று மனிதர் நினைக்கும் நாளில் கூட மாடு தவித்துக்கொண்டிருக்கலாம். இரவு 25 டிகிரிக்கு இறங்கி, ஈரப்பதம் 80 சதவீதமாக இருந்தாலும் குறியீடு 75. சென்னைப் பக்கத்து மாட்டுக்குப் பல மாதங்கள் இரவிலும் ஓய்வில்லை என்பது இதன் பொருள்.

எச்.எஃப். கலப்பினம் இதில் அதிகம் பாதிக்கப்படும். ஜெர்சி கலப்பினம் ஓரளவு தாங்கும். நாட்டு மாடுகளும் எருமைகளும் இதே ஊர்க் காற்றில் பழகியவை. என்றாலும், எருமையின் கருந்தோல் வெயிலை உறிஞ்சும், வேர்வைச் சுரப்பிகளும் அதற்குக் குறைவு. நிழலும் தண்ணீரும் அதற்கு இன்னும் அவசியம்.

மாடு அடிக்கும் மணி

குன்றத்தூரில் பிறந்த சேக்கிழார் தம் பெரியபுராணத்தில் மனுநீதிச் சோழன் கதையைச் சொல்கிறார். கன்றை இழந்த பசு அரண்மனை மணியை அடித்து நீதி கேட்ட கதை அது. கொட்டகையில் நிற்கும் மாட்டுக்கு அப்படி ஒரு மணி கிடையாது. அதன் உடம்புதான் மணி.

நிழலில் அமைதியாக நிற்கும் மாடு நிமிடத்துக்கு 20 முதல் 40 தடவை மூச்சு விடும். விலாப்புறம் ஏறி இறங்குவதைக் கைக்கடிகாரத்தை வைத்து எண்ணிப் பார்க்கலாம். 60-ஐத் தாண்டினால் வெப்ப அயர்ச்சி. 80-ஐத் தாண்டினால் ஆபத்து. வாயைத் திறந்து, நாக்கைத் தொங்கவிட்டு, எச்சில் ஒழுக நிற்கும் மாட்டுக்கு உடனே குளிர்ச்சி தர வேண்டும், மருத்துவரையும் அழைக்க வேண்டும்.

படுக்க வேண்டிய நேரத்தில் மாடு நின்றுகொண்டே இருந்தால் தரையில் குறை இருக்கிறது, அல்லது உடம்பில் சூடு இருக்கிறது. வெயிலில் வாடும் மாடு பருவத்துக்கு வந்தாலும் கத்தாது, பக்கத்து மாட்டின் மேல் தாவாது. அந்த ஊமைப் பருவம் கவனத்துக்கு வராமலே கடந்துவிடும். ஒரு பருவம் தவறினால் 21 நாள் காத்திருக்க வேண்டும். அந்த நாட்களின் தீவனச் செலவைக் கணக்குப் போட்டால் கொட்டகையைத் திருத்தும் செலவு பெரிதாகத் தெரியாது.

1964-இல் பிரிட்டனில் ரூத் ஹாரிசன் என்ற பெண்மணி தொழிற்சாலைப் பண்ணைகளில் விலங்குகள் படும் பாட்டைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அது கிளப்பிய விவாதத்தால் அந்நாட்டு அரசு ஒரு குழுவை அமைத்தது. பிராம்பெல் குழு எனப்படும் அக்குழு 1965-இல் கொடுத்த அறிக்கையில் ஓர் எளிய அளவுகோல் உண்டு. விலங்கு எழ வேண்டும், படுக்க வேண்டும், திரும்ப வேண்டும், தன்னை நக்கிச் சுத்தம் செய்துகொள்ள வேண்டும், கால் நீட்ட வேண்டும். இந்த ஐந்துக்கும் இடம் இருக்கிறதா? ஒன்றரை முழக் கயிற்றில் முளையோடு சேர்த்து இறுக்கிக் கட்டிய மாட்டுக்கு இந்த ஐந்தில் எத்தனை கிடைக்கும் என்று அவரவர் கொட்டகையில் நின்று பார்க்கலாம்.

திசை, உயரம், கூரை

கொட்டகையின் நீளவாட்டு கிழக்கு மேற்காக இருக்க வேண்டும். அப்போது காலை, மாலை வெயில் குறுகிய பக்கங்களில் மட்டும் விழும். நடுப்பகல் வெயிலைக் கூரை தாங்கிக்கொள்ளும். மேற்குப் பக்கத்தில் ஒரு பூவரசோ வேம்போ இருந்தால் நல்லது. மரம் வளரும் வரை தென்னந்தட்டி கட்டலாம்.

இந்த வட்டாரத்தில் பிற்பகலில் கிழக்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் வரும் கடற்காற்றுதான் மாட்டுக்குக் கிடைக்கும் இலவச மின்விசிறி. அந்தப் பக்கத்தை அடைத்துக்கொண்டு வைக்கோல் போரும் விறகு அடுக்கும் குளியலறையும் இருக்கக் கூடாது. இவற்றை வடமேற்கு மூலைக்கு மாற்றினாலே கொட்டகைக்குள் வித்தியாசம் தெரியும்.

நீளப் பக்கங்களில் சுவர் வேண்டாம். ‘மூன்றடிச் சுவர்தானே, மேலே திறந்துதானே இருக்கிறது’ என்பார்கள். நிற்கும் மாட்டுக்கு அது சரி. படுத்திருக்கும் மாட்டின் மூக்கு தரையிலிருந்து ஓரிரு அடி உயரத்தில்தான் இருக்கும். அந்த மூன்றடிச் சுவர் அதற்குக் காற்றே வராமல் அடைத்துவிடும். குழாய்த் தடுப்போ மூங்கில் தடுப்போ போதும். வாடைக்காற்றுக்கும் சாரலுக்கும் வடக்குப் பக்கத்தில் சாக்குப் படுதாவைச் சுருட்டி வைத்து, வேண்டும்போது இறக்கிக்கொள்ளலாம்.

கூரையின் தாழ்ந்த விளிம்பு தரையிலிருந்து குறைந்தது 8 அடி உயரத்தில் இருக்க வேண்டும். 10 அடி என்றால் இன்னும் நல்லது. முகடு 12 முதல் 15 அடி இருக்கலாம். விளிம்பு தூணுக்கு வெளியே இரண்டரை முதல் மூன்றடி நீட்டிக்கொண்டிருந்தால் சாரல் உள்ளே வராது. சூடான காற்று மேலே ஏறும் என்பதால் முகட்டில் அதற்கு வழி விட வேண்டும். 10 அடி அகலத்துக்கு 2 அங்குலம் என்ற கணக்கில் முகடு நெடுக இடைவெளி விட்டு, மழை விழாமல் அதற்கு மேல் தொப்பி போல் ஒரு மூடி அமைக்கலாம்.

கூரைப் பொருளில் ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம் உண்டு. தென்னங்கீற்றும் பனையோலையும் குளிர்ச்சி, ஆனால் அடிக்கடி மாற்ற வேண்டும், தீப்பிடிக்கும் பயமும் உண்டு. ஓடு நல்லது, ஆனால் அதைத் தாங்க மரச்சட்டம் பலமாக வேண்டும். தகரமும் சிமென்ட் ஷீட்டும் நீண்ட நாள் உழைக்கும், ஆனால் பட்ட வெயிலை அப்படியே கீழே இறக்கும். தகரம் போட்டே ஆக வேண்டும் என்றால் மேற்பரப்பில் வெள்ளை அடிக்க வேண்டும். உள்ளே ஓர் அடி இடைவெளி விட்டுக் கீற்றுத் தட்டி கட்டலாம். அப்படிக் கட்டும்போது மின்கம்பி தட்டியைத் தொடாமல் பார்த்துக்கொள்வது முக்கியம்.

புகைபோல் நீர் தெளிக்கும் கருவி தேவையா?

கடைகளில் விற்கும் பனித்தூவிக் கருவிகளைப் பார்த்துப் பலர் ஆசைப்படுகிறார்கள். நுண்ணிய துளிகள் காற்றிலேயே ஆவியாகி, காற்றைக் குளிர்விப்பது அதன் வேலை. வறண்ட ஊர்களில் அது நன்றாகப் பலன் தரும். ஏற்கெனவே ஈரம் நிறைந்த கடலோரக் காற்றில் துளிகள் ஆவியாகாமல் தொங்கும், புழுக்கம் கூடும். காற்றோட்டம் இல்லாத கொட்டகையில் இது கேட்டையே செய்யும்.

இந்த வட்டாரத்துக்குப் பொருத்தமான முறை வேறு. பெரிய துளிகளாக மாட்டின் முதுகை ஓரிரு நிமிடம் நனைக்க வேண்டும். பிறகு தண்ணீரை நிறுத்திவிட்டுப் பத்து நிமிடம் போல மின்விசிறிக் காற்றைக் காட்ட வேண்டும். தோலில் இருந்து நீர் ஆவியாகும்போது மாட்டின் சூட்டையே எடுத்துக்கொண்டு போகும். வெயில் தணியும் வரை இதைத் திரும்பத் திரும்பச் செய்யலாம். இரண்டு விஷயங்களில் எச்சரிக்கை வேண்டும். தண்ணீர் மடி வரை வழியும் அளவுக்கு ஊற்றினால் மடிநோய் வரும். காற்று இல்லாமல் நனைத்துவிட்டு மட்டும் போனால் புழுக்கம் அதிகமாகும். மின்விசிறி இயற்கைக் காற்று வரும் திசையிலேயே வீச வேண்டும், எதிர்த்து வீசக் கூடாது.

எல்லாவற்றுக்கும் முன்னால் தண்ணீர். பத்து லிட்டர் கறக்கும் மாடு கோடையில் நாளொன்றுக்கு 60 முதல் 80 லிட்டரும், சில நாள் அதற்கு மேலும் குடிக்கும். காலையிலும் மாலையிலும் வாளியில் காட்டினால் போதாது. தாகம் எடுத்தபோதெல்லாம் குடிக்க, நிழலில் ஒரு தொட்டி வேண்டும். தொட்டியை வாரம் ஒரு முறை கழுவிச் சுண்ணாம்பு அடித்தால் பாசி பிடிக்காது. அடர் தீவனத்தையும் பசுந்தீவனத்தையும் நடுப்பகலில் தராமல், பெரும்பகுதியை விடியற்காலையிலும் இரவிலும் தருவது செலவில்லாத வைத்தியம்.

தரையும் வாட்டமும்

மாடு நாளில் 10 முதல் 12 மணி நேரமாவது படுக்க வேண்டும். படுத்து அசைபோடும்போது மடிக்கு இரத்தம் அதிகம் பாயும், குளம்புக்கும் ஓய்வு கிடைக்கும். தரை நன்றாக இருக்கிறதா என்று பார்க்க ஓர் எளிய சோதனை உண்டு. வேட்டியோடு மாடு படுக்கும் இடத்தில் அரை நிமிடம் முழங்காலிட்டுப் பார்க்க வேண்டும். முழங்கால் வலித்தால் தரை கடினம். வேட்டி நனைந்தால் தரை ஈரம். இரண்டும் மாட்டுக்கு ஆகாது.

சிமென்ட் தரை போடுவதானால் வழவழப்பாகத் தேய்க்கக் கூடாது. ஈரம் காயும் முன் கோடு இழுத்துச் சொரசொரப்பாக்க வேண்டும். வழுக்கி விழுந்து இடுப்பு ஒடிந்த மாட்டை எழுப்புவது கடினம். வாட்டம் மிக முக்கியம். தீவனத் தொட்டியிலிருந்து கழிவு ஓடை வரை, ஐந்தரை அடிக்கு ஓர் அங்குலம் சரிவு இருந்தால் போதும். அதற்கு மேல் சரிந்தால் சினை மாட்டின் பாரம் முழுவதும் பின்னங்கால்களில் இறங்கும். ஓடை ஓர் அடி அகலம், இரண்டு மூன்று அங்குலம் ஆழம், அடிப்பாகம் வளைவு. ஆழமான ஓடையில் கால் சிக்கும். ஓடைக்கு 20 அடிக்கு 4 முதல் 6 அங்குலம் வாட்டம் கொடுத்தால் மூத்திரம் தேங்காது.

ரப்பர் பாய் வாங்க முடிந்தால் நல்லதுதான். ஆனால் அதை அன்றாடம் தூக்கி அடியில் கழுவ வேண்டும். இல்லாவிட்டால் பாய்க்குக் கீழே மூத்திரம் தங்கி அதுவே நோய்க்கிடங்காகும். பாய் இல்லாதவர்கள் காய்ந்த தென்னை நாரையோ வைக்கோல் கூளத்தையோ பரப்பி, ஈரமானதும் அள்ளி எருக்குழியில் போடலாம்.

கறந்து முடித்ததும் மாட்டுக்குத் தீவனம் வைத்து அரை மணி நேரம் நிற்க வைக்க வேண்டும். காம்பின் துவாரம் மூடிக்கொள்ள அவ்வளவு நேரமாகும். அதற்குள் ஈரத் தரையில் படுத்தால் கிருமிக்குக் கதவு திறந்துவிட்டது போலாகும்.

ஐந்து மாடுகளுக்கு ஒரு கணக்கு

ஐந்து கறவை மாடுகளை வரிசையாகக் கட்டி வளர்க்க, மாட்டுக்கு 4 அடி வீதம் 20 அடி நீளம் வேண்டும். கன்றுகளுக்கு 8 அடி சேர்த்தால் 28 அடி. அகலத்தில் தீவனம் போடும் நடை 4 அடி, தொட்டி 2 அடி, மாடு நிற்க ஐந்தரை அடி, ஓடை 1 அடி, பின்நடை மூன்றரை அடி. மொத்தம் 16 அடி. ஆக 448 சதுர அடி. இவ்வளவுக்கும் கூரை போட வேண்டும்.

இதே ஐந்து மாடுகளை அவிழ்த்துவிட்டு வளர்க்கும் முறையில் கணக்கு மாறுகிறது. நம் நாட்டுத் தர அளவுப்படி பசு ஒன்றுக்குக் கூரையுள்ள இடம் மூன்றரை சதுர மீட்டர், திறந்த முற்றம் 7 சதுர மீட்டர் போதும். அதாவது 38 சதுர அடி நிழலும் 75 சதுர அடி முற்றமும். ஐந்து மாடுகளுக்கு 190 சதுர அடி நிழல், 375 சதுர அடி முற்றம். தீவனத் தொட்டிக்கும் சேர்த்து 20-க்கு 12 அடியில் ஒரு கூரையும், அதை ஒட்டி 20 அடிச் சதுரத்தில் வேலி போட்ட முற்றமும் அமைத்தால் மொத்தம் 640 சதுர அடி. ஏறத்தாழ ஒன்றரை சென்ட். கன்றுகளுக்கு ஒரு சின்னத் தடுப்பு தனியே வேண்டும். கூரை போடும் பரப்பு முந்தைய கணக்கில் பாதியளவுதான். மிச்சப் பணத்தில் தண்ணீர்த் தொட்டி, மின்விசிறி இரண்டும் வந்துவிடும்.

இட நெருக்கடி உள்ள இந்த வட்டாரத்தில் ‘அவிழ்த்துவிட இடமேது’ என்பவர்களுக்கு இந்த ஒன்றரை சென்ட்தான் பதில். ஆனால் மழைக்காலத்தில் முற்றம் சேறாகும். தீவனத் தொட்டியையும் தண்ணீர்த் தொட்டியையும் சுற்றி ஆறடி அகலத்துக்குச் செங்கல்லை நிறுத்தி வைத்துப் பாவிவிட வேண்டும். மீதி இடத்தில் கிராவல் கொட்டி மேடாக்கலாம். முட்டும் மாட்டைப் பிரித்துக் கட்டவும், கறக்கும்போது நிறுத்தவும் கூரைக்குக் கீழே நாலைந்து வளையங்கள் இருக்கட்டும். சினை முற்றிய மாட்டுக்குத் தனி இடம் வேண்டும், அதைக் கூட்டத்தோடு விடக் கூடாது.

வெள்ளம் சொல்லிக்கொடுத்தது

2015 டிசம்பர் முதல் நாள் தொடங்கி மறுநாள் காலை வரை 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. 24 அடி ஆழமும் 3,645 மில்லியன் கன அடி கொள்ளளவும் கொண்ட செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்குச் சுமார் 29,000 கன அடி நீர் திறந்துவிடப்பட்டது. ஏரியின் உபரி நீர் திருநீர்மலை அருகே அடையாற்றில் கலக்கும். முடிச்சூர், வரதராஜபுரம், அனகாபுத்தூர் என ஆற்றை ஒட்டிய பகுதிகள் மூழ்கின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையிலும் தாழ்வான பகுதிகளில் மறுபடி நீர் புகுந்தது. இடையில் 2016 டிசம்பர் 12 அன்று வார்தா புயல் கூரைகளைப் பிய்த்தெறிந்தது. இவை மூன்றும் டிசம்பரில் நடந்தவை. மழைக்காலத்துக்கு முன் கொட்டகையைச் சரிபார்க்கும் மாதம் புரட்டாசி என்று குறித்துக்கொள்ளலாம்.

புதிதாகக் கட்டுவோர் முதலில் 2015 வெள்ளம் அந்த இடத்தில் எவ்வளவு உயரம் நின்றது என்று பெரியவர்களிடம் கேட்க வேண்டும். பக்கத்துச் சுவர்களில் கறை இன்னும் இருக்கும். பேஸ்மட்டம் அதற்கு மேல் எழும்ப வேண்டும். அவ்வளவு உயர்த்த முடியாத இடத்தில், கொட்டகைக்குப் பக்கத்தில் மாடுகள் ஏறி நிற்க ஒரு மண்மேட்டையாவது ஏற்படுத்த வேண்டும். ஏறும் வழி படியாக இல்லாமல் சாய்தளமாக இருக்கட்டும்.

வெள்ளத்தில் மாட்டைக் கொல்வது பெரும்பாலும் கயிறு. மாடு நீந்தும். கட்டிய மாடு நீந்த முடியாது. எனவே மழை எச்சரிக்கை உள்ள இரவுகளில் இழுத்தால் அவிழும் சுருக்கு முடிச்சுதான் போட வேண்டும். வீட்டில் உள்ள பெண்களும் பிள்ளைகளும் இருட்டில் கூட அவிழ்க்கப் பழகியிருக்க வேண்டும். ஏரியில் நீர் திறப்பு அறிவிப்பு வந்ததும் முதலில் கன்றுகளையும் சினை மாடுகளையும் மேட்டுக்கு மாற்ற வேண்டும். நான்கு நாள் தீவனத்தைத் தார்ப்பாயில் கட்டிப் பரணில் ஏற்றி வைப்பது நல்லது. ஈரத்தில் பூசணம் பிடித்த வைக்கோலையும் தவிட்டையும் மாட்டுக்குப் போடவே கூடாது.

புயலுக்குத் தகரத்தை ஆணியில் நிறுத்தாமல் கொக்கி போல்ட்டு போட்டு இறுக்க வேண்டும். தூண்களைக் குழியில் கான்கிரீட் போட்டு நட வேண்டும். திறந்த பக்கங்கள் உள்ள கொட்டகையில் காற்று கூரையைக் கீழிருந்து தூக்கும் என்பதால், கூரைச் சட்டத்தைத் தூணோடு இணைக்கும் இடம்தான் மிகவும் பலமாக இருக்க வேண்டும்.

கழிவும் மழைநீரும் காசாகும்

அக்கம்பக்கத்தில் வீடுகள் நெருங்கிவிட்ட ஊரில் மாடு வைத்திருப்போருக்கு வரும் முதல் சண்டை நாற்றத்தால் வரும். மூத்திர ஓடையைத் தெருச் சாக்கடையில் விடுவது சண்டைக்கு அழைப்பு. அதை மூடிய தொட்டியில் சேர்த்து, தண்ணீர் கலந்து தீவனப்புல்லுக்குப் பாய்ச்சலாம்.

ஒரு மாடு நாளொன்றுக்குப் பத்துப் பதினைந்து கிலோ சாணம் போடும். நான்கைந்து மாடுகளின் சாணம் 50 கிலோ. அது 2 கன மீட்டர் சாண எரிவாயுக் கலனுக்குப் போதும். சாணத்தோடு அதே அளவு தண்ணீர் கலந்து ஊற்ற வேண்டும். ஒரு சிறு குடும்பத்தின் அடுப்பு எரியும். வெளியே வரும் கரைசலில் ஈயும் நாற்றமும் மிகவும் குறைவு, உரச்சத்தும் இருக்கும். கலனைக் கிணற்றுக்கு அருகில் அமைக்கக் கூடாது. வெள்ளம் ஏறும் இடத்திலும் கூடாது.

கூரையில் விழும் மழையும் வீண் போக வேண்டியதில்லை. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். 600 சதுர அடிக் கூரை என்பது 56 சதுர மீட்டர். ஆண்டுக்கு 1,200 மில்லிமீட்டர் பெய்தால் 67,000 லிட்டர். சேதாரம் போக 50,000 லிட்டராவது மிஞ்சும். முதல் மழை நீரை வெளியே விட்டுவிட்டுப் பிறகு வருவதைச் சேமித்தால் கொட்டகை கழுவப் பல நாள் வரும். மீதியைக் கிணற்றுக்கோ உறிஞ்சுகுழிக்கோ விடலாம். கூரை நீரைத் தனியே கொண்டுபோவதால் முற்றம் சேறாவதும் குறையும்.

எங்கே கேட்பது?

1903 அக்டோபர் 1 அன்று சைதாப்பேட்டையில் 20 மாணவர்களோடு தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரிதான் பின்னர் வேப்பேரிக்குப் போனது. 1989-இல் அதிலிருந்து தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் உருவானது. அதன் வேளாண் அறிவியல் நிலையம் காட்டுப்பாக்கத்தில் இருக்கிறது. பூந்தமல்லி சாலையில் உள்ள காட்டுப்பாக்கம் என்று நினைத்து அலைய வேண்டாம். ஜி.எஸ்.டி. சாலையில் பொத்தேரியை அடுத்த காட்டுப்பாக்கம் இது. கறவை மாடு, ஆடு, கோழி வளர்ப்புப் பயிற்சிகள் அங்கு நடக்கின்றன. கொட்டகை கட்டும் முன் ஒரு தடவை நேரில் போய்ப் பார்த்துவிட்டு வருவது, கட்டிய பின் இடிப்பதை விட மலிவு. கொட்டகைக்கு அரசு உதவி அவ்வப்போது திட்டங்களுக்கேற்ப மாறும். அந்தந்த ஆண்டு நிலவரத்தை ஊராட்சி ஒன்றிய அலுவலகத்திலும் உள்ளூர் கால்நடை மருந்தகத்திலும் கேட்டறியலாம்.

வாசகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கேள்வி: ஏற்கெனவே ஏழடியில் தகரம் போட்டுவிட்டோம். பிரித்துக் கட்ட வசதி இல்லை. என்ன செய்யலாம்?

பதில்: செலவு வரிசைப்படி செய்யலாம். முதலில் நீளப் பக்கச் சுவர்களை இடித்துத் திறந்துவிட வேண்டும். கூரையைச் சுவர்தான் தாங்குகிறது என்றால் முதலில் தூண் கொடுத்துவிட்டு இடிக்க வேண்டும். அடுத்து கூரை மேல் வெள்ளை. பிறகு முகட்டுத் தகரத்தை எடுத்துவிட்டு, ஓர் அடி உயர்த்தி மூடியாகப் பொருத்தலாம். பகல் 11 மணி முதல் 4 மணி வரை மாடுகளை மர நிழலுக்கு மாற்றிக் கட்டலாம். தூண்களுக்கு அடியில் உயரம் கொடுத்துக் கூரையை ஏற்றுவது கடைசி.

கேள்வி: சுவர் இல்லாவிட்டால் கொசு வராதா?

பதில்: சுவர் கொசுவைத் தடுக்காது, காற்றைத்தான் தடுக்கும். கொசு காற்றில் நிற்காது என்பதால் மின்விசிறியே பாதி வேலையைச் செய்யும். தேங்கிய ஓடையையும் பழைய டயர்களையும் அகற்ற வேண்டும். இரவில் கொசுவலைத் திரை கட்டலாம். வேப்பிலைப் புகை போடுவதானால் நன்கு திறந்த கொட்டகையில் சிறிது நேரம் மட்டும் போட வேண்டும். அடைத்த இடத்தில் புகை மூட்டம் போட்டால் மாட்டின் நுரையீரலுக்குக் கேடு.

கேள்வி: எங்கள் பகுதி நகராட்சியாகிவிட்டது. மாடு வளர்க்கலாமா?

பதில்: நகர்ப்புறங்களில் விலங்குகளும் பறவைகளும் வளர்ப்பதை ஒழுங்குபடுத்த 1997-இல் தமிழ்நாட்டில் சட்டம் இயற்றப்பட்டுள்ளது. எனவே கொட்டகை கட்டும் முன் நகராட்சி அலுவலகத்தில் உரிமம் பற்றிக் கேட்டுவிட வேண்டும். தாம்பரம் 2021-இல் மாநகராட்சியானது. அந்த எல்லைக்குள் இருப்போர் அங்கே விசாரிக்கலாம். கழிவுக்கு வழி செய்த சுத்தமான கொட்டகைதான் அக்கம்பக்கப் புகாருக்கும் அதிகாரிகளின் கேள்விக்கும் நல்ல பதில். மாட்டைத் தெருவில் அவிழ்த்துவிடுவது விபத்தையும் அபராதத்தையும் கொண்டுவரும்.

கேள்வி: இடமில்லாததால் பரண் அமைத்து ஆடு வளர்க்க நினைக்கிறோம். அளவு என்ன?

பதில்: பெரிய ஆடு ஒன்றுக்குப் பத்து சதுர அடி வேண்டும். பரண் தரையிலிருந்து மூன்று நான்கு அடியாவது உயரம் இருந்தால்தான் அடியில் புழுக்கையைக் கூட்டி அள்ள முடியும். பலகைகளுக்கு இடையே அரை அங்குல இடைவெளி போதும். அதிகமானால் குளம்பு சிக்கும், குட்டிகளின் கால் ஒடியும். குட்டிகளுக்குத் தனிப் பகுதி வைத்து இடைவெளியை இன்னும் குறைக்க வேண்டும். இதற்கும் கூரை உயரமாகவும் பக்கங்கள் திறந்தும் இருக்க வேண்டும்.

இந்த வாரமே செய்யக்கூடியவை

காசில்லாமல் இன்றே செய்யக்கூடியவை நான்கு. நடுப்பகலில் மாட்டின் மூச்சை எண்ணுவது, கயிற்றின் நீளத்தைக் கூட்டுவது, தென்கிழக்கில் காற்றை மறைப்பதை அகற்றுவது, தண்ணீரை நாள் முழுதும் எட்டும்படி வைப்பது. சிறு செலவில் கூரைக்கு வெள்ளையடித்து, ஓடை வாட்டத்தைச் சரிசெய்து, வடக்கே படுதா கட்டலாம். பெரும் செலவு செய்யும்போது பேஸ்மட்டத்தையும் கூரையையும் உயர்த்த வேண்டும். சுவருக்கு ஒதுக்கிய செங்கல் மிஞ்சினால் முற்றத்தில் பாவிவிடலாம்.

பழந்தமிழில் மாடு என்ற சொல்லுக்குச் செல்வம் என்றும் பொருள் உண்டு. வீட்டில் பணம் வைக்கும் பெட்டி நனையாமலும் காயாமலும் பார்த்துக்கொள்கிறோம். கொட்டகைக்கும் அதே கவனம் போதும்.